காசிக்குப் போனவர்

வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் "அவர் காசிக்குப் போய்விட்டார்" என்று சொல்லப்படுகிறவர்களையெல்லாம் மெய்யாகவே கங்கைக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அங்கே ஸ்நானம் செய்ய வருகிறவர்களுக்கு நிற்க இடம் இராது. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. என் கொள்ளுப் பாட்டனாரின் இளைய சகோதரர், விவாகம் ஆகாத வாலிபராக இருக்கையிலேயே ஒரு நாள் விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, கால்நடையாகக் காசி சேர்ந்து, சந்நியாசம் வாங்கிக்கொண்டு, அங்கேயே சித்தியடைந்தார் என்பது நாங்கள் பரம்பரையாகக் கேட்டுவந்த விருத்தாந்தம். இந்தக் கதையைச் சொல்லும்போது பெரியப்பாவின் குரலில் ஒரு கம்பீரம் ஏறும். ஒரு மகான் பிறந்த குலம் என்ற பெருமை, வேறு பெருமைகள் அதிகம் இல்லாத வீட்டுக்கு அவசியமாகத்தான் இருந்தது.

அவர் போன திசை வடக்கு அல்ல என்பதை எனக்குச் சொன்னவை தென்னாப்பிரிக்காவில், நேட்டால் பகுதியைச் சேர்ந்த டர்பன் நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ள கப்பல் பட்டியல்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேரோடு வந்து சேர்ந்தது முதல் 1911 வரையில், நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கிய இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஆளுக்கு ஓர் எண். எண்ணுக்கு ஒரு வரி. அந்த வரிகளை எழுதிய குமாஸ்தாக்களுக்கு யார்மீதும் பிரியமோ துவேஷமோ இருந்திருக்க முடியாது; ஓடிப்போனவனைப் பிடித்து வருவதற்கு வேண்டிய அடையாளங்களே அவர்களுக்குத் தேவையாக இருந்தன. ஆகையினால்தான், எங்கள் வீட்டில் ஒரு படமோ கடிதமோ மிஞ்சாத அந்த மனிதருக்கு வலது முழங்காலின் கீழே ஒரு தழும்பு இருந்தது என்பதை, நூறு வருஷங்களுக்கு மேலான பிறகு, முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்திலிருந்து நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது. மாடு முட்டியதோ, கவலையில் சறுக்கி விழுந்தாரோ, அண்ணன் அடித்தாரோ! பாட்டி வாயாலோ பெரியப்பா வாயாலோ அந்த முழங்காலைப் பற்றி நான் ஒரு சொல் கேட்டதில்லை. தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் பொருந்தின. ஜாதி என்ற கலத்தில் எழுதியிருந்தது மட்டும் பெரியப்பா சொல்லிக்கொள்வதோடு பொருந்தவில்லை. அதை இங்கே வெளியிட்டுக் குடும்பத்தில் கலகம் மூட்ட எனக்கு உத்தேசம் இல்லை.

பதிவேடு இவ்வளவு தந்த பிறகு பத்திரிகைகளிடம் போனேன். அவற்றிடம் எனக்கு வேறொரு ஆசை இருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி கூலிக்கும் கையெழுத்துப் போடாமல் இருப்பவர்கள் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்டவேண்டும் என்று 1895-இல் நேட்டால் சர்க்கார் சட்டம் செய்தது. முதல் வருஷத்துக் கூலி மாதம் பத்து ஷில்லிங். ஆக, அந்த வரி ஆறு மாத உழைப்பு. இதை எதிர்த்து 1913-இல் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் கடற்கரையோரத்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியபோது, எங்கள் மனிதர் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில்தான் இருந்தார். சந்நியாசி போனால் போகட்டும், ஒரு சத்தியாக்கிரகியாவது கிடைக்கமாட்டாரா என்று காந்தியடிகளின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அவர் பெயர் இருந்தது. ஒன்றல்ல, பல இருந்தன! ஊருக்குப் பத்துப் பேர் வைத்துக்கொள்ளும் பெயர் அது. பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. பத்திரிகையிலோ பெயரோடு சரி. சிறை சென்றவர்களில் எனக்குப் பிடித்த ஒருவரைப் பொறுக்கி எடுத்துப் பாட்டனாராக வரித்துக்கொள்ள எவ்விதத் தடையும் இல்லை; வம்ச வரலாறு எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இந்தச் சபலத்துக்கு இடம் கொடுத்திருப்பார்களோ, ஈசுவரனுக்கே வெளிச்சம்.

புறப்படுவதற்கு முன்பு சென்னையில் 'சுதேசமித்திர'னின் பழைய தொகுதிகளையும் புரட்டியிருந்தேன். 1899-இல் தினசரியாகிவிட்ட பத்திரிகை அது. காணாமற்போன தம்பியைத் தேடும் ஒரு குடும்பம் நாலு வரி விளம்பரம் கொடுத்திருக்கக் கூடாதா என்ற எண்ணம். நான் பார்த்த இதழ்களில் அப்படி ஒன்றும் இல்லை. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷனைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். நான் போனது அந்த ஊர்க் காப்பகத்தில் இருந்த ஒரு மரண அறிவிப்புப் பத்திரத்துக்காக. இறந்தவர் எங்கே பிறந்தார், பெற்றோர் யார், மனைவி யார், மக்கள் எத்தனை பேர், ஆஸ்தி உண்டா என்று அந்தத் தேசத்துச் சட்டம் துருவித் துருவிக் கேட்கிறது. மக்கள் எட்டுப் பேர். எட்டுப் பெயர்களையும் கீழே கீழே எழுதியிருந்ததைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்து, வாசக சாலையிலிருந்த ஒரு மாது திரும்பிப் பார்த்தாள்.

கடைசிப் பெயருக்கு உரியவரின் மகள் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் இருக்கிறாள் என்று விசாரித்து அறிந்து, நான் அங்கே போன சமயம் ஆடி மாதம். நம் ஊரில் வெயில் தணியாத காலம், அங்கே குளிர்காலம். உஷ்ணம் தணிவதற்காக மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பது என்ற வழக்கத்துக்கு அந்தக் குளிரில் என்ன நியாயம் இருக்கிறதோ தெரியவில்லை; ஆனாலும் அந்த வீட்டுக் கொல்லையில், கம்பளிச் சட்டைமேல் புடைவை உடுத்திய மாதர்கள் ஓர் அண்டாவைச் சுற்றி நின்று கூழ் துழாவிக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகு அல்ல, வெள்ளைச் சோள மாவு. புளிக்க வைத்துக் காய்ச்சியது. தொட்டுக்கொள்ளப் பூசணிக்காய்க் கறி. எங்கள் வீட்டில், பெரியப்பா பட்டணவாசியான பிறகு, கூழ் வார்ப்பது கௌரவக் குறைவு என்று நிறுத்திவிட்டார். அதை நான் சின்ன வயதில் ஒரே ஒரு வீட்டில், பக்கத்துத் தெருவில், ஒளிந்து போய்க் குடித்திருக்கிறேன். கடல் கடந்தவர்களிடம் தமிழ்நாட்டின் நிறம் மங்கித்தான் இருக்கும், ஆங்கிலம் பேசும் அரைகுறைத் தமிழர்களைத்தான் சந்திக்கப் போகிறோம் என்ற அபிப்பிராயத்தோடு வந்தவன், முதல் மிடறிலேயே அதை விழுங்கவேண்டியதாயிற்று.

"குந்து தம்பி, கூழ் ஆறிப் போவும்" என்றாள் அந்த அம்மாள். எண்பது வயது, பேச்சில் பாதி ஆங்கிலம், மீதி என் பாட்டியின் தமிழ். பத்திரத்தின் நகலைப் பார்த்து, உறவைக் கணக்குப் போட்டு, "ஒங்க அப்பனுக்கு நான் தங்கச்சி ஆவணும். ஆன்ட்டின்னு கூப்புடாதே, அத்தைன்னு கூப்புடு" என்று தீர்ப்பும் சொன்னாள்.

காசிக் கதையை நான் சொன்னதுதான் தாமதம், கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாமியாரா? எட்டுப் புள்ள பெத்த சாமியாரா? எங்க ஆயா மட்டும் இருந்திருந்தா ஒங்க பெரியப்பனை வெளக்குமாத்தால அடிச்சிருப்பா."

வேலைநிறுத்தத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். தாத்தா பயந்து கரும்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டார் என்றும், தோட்டத்தை விட்டு ஊர்வலமாகப் போனவள் ஆயாதான் என்றும், அதைச் சொல்லிச் சொல்லியே சாகும்வரை அவரைக் குத்திக் காட்டினாள் என்றும் அத்தை சொன்னாள். நான் தேடிய பெயர்களில் ஆயாவின் பெயர் இருக்கவில்லை. தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "இப்ப எதுக்கு வந்தே? நிலத்துக்கா?"

டர்பனில் கேட்டோ மேனர் என்ற இடத்தில் அவள் தகப்பனார் காய்கறித் தோட்டம் வைத்திருந்ததாகவும், இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த 1950-ஆம் வருஷத்துக் குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் அதிலிருந்து கிளப்பப்பட்டு இந்தச் சாட்ஸ்வர்த்துக்கு வந்ததாகவும், இனி எடுத்துக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை என்றும் அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கு ரோஷமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. ஏனென்றால் நான் பிரயாணம் புறப்பட்ட அன்று பெரியப்பா என்னைத் தனியே அழைத்து, "யாரையாவது கண்டுபிடித்தால் விலாசம் மட்டும் கொடுத்துவிடாதே, பங்கு கேட்டு வந்து நிற்பார்கள்" என்று எச்சரித்திருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் வந்து நாலு காணி மானாவாரியில் பங்கு கேட்பார் என்று பயப்படுவானேன் என்று அப்போது நான் வியந்தேன்.

கூழைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையின் வசவைக் கேட்டுக்கொண்டிருக்கையில்தான் இரும்புப் பெட்டியில் நான் பார்த்திருந்த பழைய பட்டாக்கள் நினைவுக்கு வந்தன. முதலாவது, சகோதரர் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. பின்னாளில் எழுதியதில் ஒரே பெயர். சந்நியாசம் கொண்டவன் உலக வியவகாரத்தில் செத்தவன். அவனுக்குக் குடும்பச் சொத்தில் பாத்தியதை இல்லை என்பது இந்து தர்ம சாஸ்திரம், வெள்ளைக்காரன் கோர்ட்டுகளும் ஒப்புக்கொண்ட விதி. கூலிக்குக் கப்பல் ஏறியவனுக்கோ பங்கு அப்படியே இருக்கும். என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பி வந்து கேட்கலாம். 'சுதேசமித்திர'னில் ஏன் நாலு வரி விளம்பரம் வரவில்லை என்பதும், மகானை நினைத்து எங்கள் வீட்டில் ஏன் அவ்வளவு பக்தி நிலவியது என்பதும் ஒருவாறு விளங்கிற்று. கொள்ளுப் பாட்டனார் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தையாக இருந்து பிழைத்தவர் அவர். நாலு காணி அவருக்கு லேசான விஷயம் அல்ல. தம்பியை நரகத்துக்கு அனுப்பாமல் காசிக்கு அனுப்பினாரே, அதுவே அவருடைய சுபாவத்துக்குச் சாட்சி.

அத்தையிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அவளோ ரொம்ப நேரம் யோசித்து, "அந்தப் பட்டா காயிதத்துல தாத்தா பேரு தமிழ்ல எழுதியிருக்குதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அதுக்கு ஒரு காப்பி அனுப்பு. அப்படியே ஊர்க் கேவுரு மாவு ரெண்டு கிலோ."

அன்று இரவு பெரியப்பாவை டெலிபோனில் கூப்பிட்டேன். ஆள் கிடைத்ததா என்று கேட்கவில்லை; "ஜாதி என்ன போட்டிருக்கிறது?" என்றுதான் கேட்டார். சொன்னேன். குமாஸ்தாவுக்குக் காது மந்தம் என்றார். பிள்ளைகள் எட்டு என்றேன். அது வேறு யாராவது இருக்கும் என்றார். பட்டாவின் நகல் வேண்டும் என்றதும் லைன் சரியாக இல்லை என்று வைத்துவிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு நகலைத் தாலுகா ஆபீசிலேயே மனுப் போட்டு வாங்கி, மாவையும் சேர்த்து அனுப்பி வைத்தேன். பெரியப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காகிதம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மாவைச் சுங்கத்தார் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று அத்தை, என்னையும் அவர்களையும் சேர்த்து, இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.