எழுதத் தேயும் ஏடு

பத்துமலை என்னும் பெயரைக் கேட்ட தமிழ்நாட்டன்பர் சிலர், பத்து மலைகள் ஈண்டு நிரையாக நிற்கின்றன போலும் என்று கருதுவதுண்டு. பத்து என்பது மலாய் மொழியில் கல். அச் சுண்ணக்கற் குன்றின் அருகில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. யான் ஈண்டு எழுதப் புகுவது குன்றைப் பற்றியன்று; கல்லைப் போல் அழியாதது என்று நம்பி மக்கள் விலைகொடுத்து வாங்கும் ஒரு கருவியைப் பற்றி. அதனுள் சுழலும் தட்டில்லை. அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. தேய்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பர். எஸ்.எஸ்.டி. எனப்படும் அக் கருவி தேய்கிறது. எழுத எழுதத் தேய்கிறது.

என் தமக்கையார் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் அரிசி டின் அளவில் ஒரு சர்வர் இருக்கிறது. தோட்டத்தில் நாங்கள் வாழ்ந்த காலத்து நிழற்படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், பால்வெட்டுத் தொழிலில் உடல் தேய்ந்த எங்கள் அன்னையார் பேசியும் பாடியும் விட்டுச்சென்ற பழைய ஒலிநாடாக்களின் படிகள் ஆகிய யாவும் அதனுள் அடக்கம். வாயிலிலும் கொல்லையிலுமாக நான்கு கேமராக்கள் உண்டு. தைப்பூசக் கூட்டத்துக்காக வைத்தவை. ஆண்டு முழுவதும் அவை காண்பதென்னவோ குரங்குகளைத்தான்.

சர்வர் விரைந்து இயங்கவேண்டுமென்று, கடைக்காரர் ஒருவரின் சொற்படி என் மருமகன் அதில் ஓர் எஸ்.எஸ்.டி.யைக் ‘கேஷ்’ ஆகச் சேர்த்தான். (தமக்கையார் அதனை ரொக்கப் பணம் என்றே கொண்டார். ஒருவகையில் பிழையுமில்லை.) கேஷ் என்பது அஞ்சறைப்பெட்டி போன்றது. உக்கிராணத்துக்கு ஒவ்வொரு முறையும் நடவாதபடி, அடிக்கடி வேண்டும் பொருளை அடுப்பருகே வைத்துக்கொள்வது. சுழல்தட்டு உக்கிராணம், எஸ்.எஸ்.டி. அஞ்சறைப்பெட்டி.

இருபத்தொரு மாதங்கள் கழிந்தன. ஒருநாள் மருமகன் முகம் வாடி வந்தான். “மாமா, அதன் ஆயுளில் 89 விழுக்காடு செலவாகிவிட்டது” என்றான். உடனிருந்த அயலார் ஒருவர், கருவிக்கும் ஆயுள்ரேகை உண்டு என்றார். ரேகையை யான் கண்டதில்லை. கருவி தன் தேய்மானத்தைத் தானே எண்ணிக் காட்டும் கணக்கைக் கண்டேன். அன்றிரவே தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம்.

தேய்வு எவ்வாறு நிகழ்கிறது? இக் கருவியிலுள்ள நினைவுச்சில்லை ஜப்பானியரான ஃபுஜியோ மசுவோகா தோஷிபா நிறுவனத்தில் இருந்தபோது ஆக்கினார். இன்று வழங்கும் நாண்ட் வகை 1987-இல் அறிவிக்கப்பெற்றது. நுண்ணறை ஒவ்வொன்றிலும் மெல்லிய காப்புப்படலம் ஒன்றுண்டு. எழுதும்போது எலெக்ட்ரான்கள் அதனை ஊடுருவி உட்புகும், அழிக்கும்போது வெளியேறும். போக்கும் வரவும் மிகமிகப் படலம் நைந்துபோம். ஓரறையில் ஒரு பிட் மட்டும் வைத்த காலத்தில் ஏறக்குறைய 1,00,000 முறை தாங்கிற்று. மூன்று பிட்டுகளைத் திணிக்கும் இக்காலத்திலோ சில ஆயிரம் முறையே. மலிவுக்கு நாம் கொடுக்கும் விலை அது.

தேய்வை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு கருவிக்குள்ளேயே உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் கூட்டத்தை வரிசை வரிசையாகப் பிரித்து ஏற்றுகின்றனரே, அதுபோல. பிரிப்பதனால் ஒரே படியோரம் தேயாது. ஆனால் ஏறும் கால்களின் தொகை குறையுமோ? 1920-இல் இட்ட மரப்படிகளும் பின்னர்ச் சிமெண்டுக்கு இடம் விடவே நேர்ந்தது.

தொகையை எண்ணினோம். கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் எழுதுகிறது. நான்குக்கும் நொடிக்கு 2 மெகாபைட். நாளொன்றுக்கு ஏறக்குறைய 173 ஜிகாபைட். யாரும் மீண்டும் பாராத குரங்குப்படம் முழுவதும் முதலில் எஸ்.எஸ்.டி.யில் விழுந்தது. இதனினும் வியப்பு வேறொன்று. இரவுதோறும் கோப்புகளைச் சரிபார்க்கும் நிரல் பழைய படங்களையெல்லாம் படிக்கும். படித்தவையெல்லாம் மீண்டும் வேண்டப்படும் என்றெண்ணிக் கேஷ் அவற்றையும் தன்மேல் எழுதிக்கொள்ளும். அவ்வகையில் 250 ஜிகாபைட். படிப்பதால் தேயாத கருவி, பிறிதொன்றைப் படிக்கும்போதெல்லாம் தேய்ந்தது! இரண்டுஞ் சேர்ந்து ஆண்டுக்கு 150 டெராபைட்டுக்கு மேல். 500 ஜிகாபைட் கொண்ட அக் கருவிக்கு அதனைச் செய்தோர் உறுதிகூறிய எல்லை 300.

இத்தனை தேய்ந்து ஈட்டிய விரைவு எவ்வளவு? எங்கள் வீட்டுக் கம்பி நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தமாட்டாது. இக்காலத்துச் சுழல்தட்டோ பெருங்கோப்பை 150-க்கு மேலும் தரவல்லது. பலர் ஒருங்கே சிறுசிறு ஏடுகளைப் புரட்டும் அலுவலகத்துக்குக் கேஷ் தக்கதே. மாலையில் ஒருவர் படம் பார்க்கும் இல்லத்துக்கு அது வேண்டா.

பெருநிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021-இல் அமெரிக்காவில் டெஸ்லா ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் 8 ஜிகாபைட் நினைவுச்சில்லு ஓயாது எழுதப்பெற்றுத் தேய்ந்தமையால், பின்புறங் காட்டும் கேமராப் படமே திரையில் தோன்றாதொழிந்தது.

எங்களுக்கு அச்சம் வேறிடத்தில் இருந்தது. அக் கேஷ், தான் ஏற்றதை உடனே சுழல்தட்டுக்கு மாற்றுவதில்லை. ஓய்வு நோக்கி மாற்றும். நான்கு கேமராக்கள் ஓயாத வீட்டில் ஓய்வேது? அன்னையாரின் கடைசி நாடாவை அவ்வாரந்தான் படியெடுத்திருந்தோம். பூஞ்சை பூத்த நாடா; ஒருமுறை ஓடியதும் அறுந்தது. அதன் ஒலி முழுவதும் சாகுந்தறுவாயில் இருந்த அந்த எஸ்.எஸ்.டி.யில் மட்டுமே இருந்தது.

மருமகன் முதலில் கேமராக்களை நிறுத்தினான். பின்னர் கேஷிலிருந்ததைச் சுழல்தட்டுக்கு இறக்கத் தொடங்கினான். அரைமணியில் முடியும் என்றிருந்தோம். இரவு இரண்டு மணி ஆயிற்று. தமக்கையார் உறங்கச் செல்லவில்லை. “அம்மா வந்துட்டாங்களாடா?” என்று அவனை மும்முறை வினவினார். வந்தார், நாற்பத்தொரு நிமிடம், இருமலும் சிரிப்புமாக. அவ்வொலியின் ஒரு படி மறுநாளே கிள்ளானில் வாழும் என் தம்பி வீட்டுக்குச் சென்றது.

கேஷ் நீக்கப்பட்டது. கேமராக்கள் இப்போது சுழல்தட்டிலேயே எழுதுகின்றன. வீட்டில் எவரும் சர்வர் மெதுவாயிற்று என்று இதுவரை குறைகூறவில்லை. பழைய எஸ்.எஸ்.டி.யில் சர்வரின் நிரல்கள் மட்டும் வாழ்கின்றன. மாதத்தின் முதல்நாள் மருமகன் அதன் கணக்கைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவைக்கிறான். ஒன்பது மாதங்களில் எண் 89-இலிருந்து 90-க்கு ஏறியிருக்கிறது.