சீட்டுப் பணமும் செம்பட்டை முடியும்

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எனக்கென்று நான் செலவழித்த முதல் பெரிய தொகை அதுதான். சீட்டு எடுத்த பணத்தில் நாலாயிரம் ரூபாய்! காதோரம் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. கறுப்புச் சாயம் பூச மனசு வரவில்லை. "நடுநடுவே இளம் பழுப்பாக்கிடலாம் ஆன்ட்டி, வெள்ளை தனியாத் தெரியாது" என்றாள் பியூட்டி பார்லர் பெண். தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, இது என்ன, சோளக்கதிர்க் குஞ்சம் மாதிரி?" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும் பேப்பரை இறக்கி, "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அது போதும்!

ஆனால் அந்தச் சந்தோஷம் மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. பழுப்பு மங்கி, புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடம் மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. மறுபடி பார்லருக்குப் போகக் கையில் காசில்லை. அத்தை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

மருதாணி அரைத்துப் பூசினால் சரியாகிவிடும் என்று இலைகூடப் பறித்துவிட்டேன். நல்லவேளை, எதற்கும் கேட்டுக்கொள்ளலாமென்று அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டேன்.

"ஐயையோ, பூசிடாதீங்க ஆன்ட்டி!" என்று அலறினாள். வெளுத்த முடியில் மருதாணி பட்டால் பளீரென்று ஆரஞ்சு நிறம் பிடித்துக்கொள்ளுமாம், லேசில் போகாதாம். சில கடைப் பொடிகளில் உலோக உப்புகள் வேறு கலந்திருக்கும். பின்னால் அதன்மேல் வெளுக்கும் மருந்து பட்டால், சூடேறி முடியே பொசுங்கிப் போகலாம்.

பிறகு பொறுமையாக விளக்கினாள். நம் கருங்கூந்தலை வெளுத்தால் அடியிலிருக்கும் சிவப்பும் ஆரஞ்சும்தான் வெளியே தெரியும். அதை அடக்க மேலே டோனர் என்று ஒரு சாயம் கொடுக்கிறார்கள். குளிக்கக் குளிக்க அது நாலு முதல் ஆறு வாரத்தில் கரைந்துவிடும். நான் செய்ததோ? ஒன்றுவிட்டு ஒருநாள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், நுரை பொங்கும் ஷாம்பூ, அதுவும் எங்கள் வீட்டு உப்பு போர் தண்ணீரில்! வெளுத்த முடி பஞ்சு மாதிரி. தண்ணீரிலிருக்கும் இரும்பையும் செம்பையும் இழுத்துக்கொண்டு நிறம் மாறும்.

அன்றே வழக்கத்தை மாற்றினேன். வாரத்தில் இரண்டே நாள் தலைக்குக் குளியல். வெதுவெதுப்பான தண்ணீர்தான்; கடைசியாக அலசக் குடிக்கிற தண்ணீர் இரண்டு சொம்பு. சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ. வாரம் ஒருமுறை மட்டும் நீல நிற ஷாம்பூவை மூன்று நிமிஷம் வைத்து அலசினேன். ஆரஞ்சை அடக்க நீலம். மஞ்சளாக வெளுத்த முடிக்கு ஊதா. மஞ்சளித்த வேஷ்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே கணக்குத்தான்! ஆசையில் தினமும் போட்டால் முடி மங்கிவிடும், ஜாக்கிரதை.

குளிப்பதற்கு ஒரு மணி முன்பு தேங்காயெண்ணெய் தடவினேன். முடியின் புரதம் கரைந்து போவதைத் தேங்காயெண்ணெய் குறைக்கிறது என்று 2003-ல் நம் நாட்டு ஆய்வே சொல்லியிருக்கிறது. முகத்துக்குப் பூசும் மஞ்சள் முடியில் படாமல் பார்த்துக்கொண்டேன். வெயிலில் போனால் தலைக்கு முந்தானை.

முதல் நாள் இருந்த நிறம் திரும்பவில்லை. அதற்கு மறுபடி டோனர்தான் வேண்டும். ஆனால் செம்பு அடங்கிப் பழுப்பு எட்டிப் பார்த்தது. மாதம் அரை அங்குலம் வளர்கிற முடி வகிட்டில் காட்டிக்கொடுக்குமே! வகிட்டைக் கொஞ்சம் ஓரமாக மாற்றி எடுத்தேன். செலவு ஒரு ஷாம்பூவும் நீல ஷாம்பூவும்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் குளிக்கப் போனேன். குளியலறை வாசலில் இரண்டு சொம்பு நிறையத் தண்ணீர் மூடி வைத்திருந்தது. சமையலறையிலிருந்து அத்தையின் குரல்:

"உன் சோளக்கதிருக்குக் குடிதண்ணி எடுத்து வெச்சிருக்கேன். கால்பட்டுக் கொட்டிடாதே!"