மாஞோல் தாத்தா

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு பெரியவரைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்தது ஒரு நிமிஷம். உறுத்தல் இன்னும் போகவில்லை.

அவர் என் சிநேகிதரின் மாமனார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கோடைக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தார். பூங்காவில் ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்து, "மாஞோல்" என்றார்.

"மாக்னோலியா!" என்று திருத்தினேன். காலேஜில் இரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்த மிதப்பு. அடுத்தாற்போல் போகன்வில்லாவைக் காட்டி, "பூகன்வில்" என்றார். நான் சிரித்தேன், கூட வந்த குழந்தைகளும் சிரித்தன. அன்று முதல் அவர் 'மாஞோல் தாத்தா' ஆகிவிட்டார்.

பெரியவர் கோபிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்:

"மாக்னோலியா தப்பில்லை, தம்பி. அது மரத்துக்கு வைத்த லத்தீன் பெயர். மாஞோல் மனுஷன் பெயர். பியேர் மாஞோல், மோன்பெலியே ஊர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். 1715-இல் காலமானார். பூகன்வில்லும் அப்படித்தான், 1766 முதல் 1769 வரை கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர்."

பிறகு பிரெஞ்சுக்காரர் அசை பிரிக்கும் விதத்தை விளக்கினார். இங்கிலீஷ்காரன் 'ஜி', 'என்' இரண்டையும் பிய்த்து மாக்-நோ என்பான். பிரெஞ்சில் இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி, நம்முடைய ஞகரம். அதனால் மா-ஞோல், இரண்டே அசை. கூடியமட்டும் அசையை உயிரில் முடித்து, மெய்யை அடுத்த அசைக்குத் தள்ளிவிடுவார்கள். சொல்லின் கடைசி மெய் பல இடங்களில் ஊமை. நம் பாரீஸ் அவர்களுக்குப் 'பாரி'. ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், சில இடங்களில் அந்த ஊமையும் வாய் திறக்கும். 'லே', 'அமி' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தால் 'லே-ஸ-மி', அதாவது சிநேகிதர்கள்.

"பாலும் ஆறும் சேர்ந்தால் பா-லா-று என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன்; மறுநாள் காலை ரயிலில் அவர் மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டார்.

என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. டில்லியில் ஒருவர் அதை லகரமாக்கிக் கூப்பிட்டபோது, ஏதோ என் சட்டையைக் கிழித்தது போல் சுருக்கென்றது. அப்போதுதான் பெரியவர் ஞாபகம் வந்தது. என்னிடம் அவர் கேட்ட மரியாதை ஒரே ஒரு ஞகரம்.

அதற்கு மறு வருஷம் அவர் குன்னூருக்கு வரவில்லை. இனி வரவும் மாட்டார் என்று சிநேகிதர் சொன்னார். நான் மட்டும் பூங்காவுக்குப் போய் அந்த மரத்தடியில் நின்றேன். சுற்றிலும் யாரும் இல்லை. "மாஞோல்" என்று ஒரு தடவை சரியாகச் சொல்லிப் பார்த்தேன்.