நஞ்சன்கூட்டிற்கு எந்தச் சைக்கிள்?

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டரில், கபினிக் கரையில் ஸ்ரீகண்டேசுவரர் கோயில் கொண்டுள்ள தலம் நஞ்சன்கூடு. விடுமுறையில் அங்குச் சைக்கிளில் சென்றுவர விரும்பும் நம்மவர் சிலர், ஹெர்குலிஸ் வாங்குவதா, ஹீரோ வாங்குவதா என்று கேட்கின்றனர். மாதச் சம்பளக்காரர் அடிக்கடி வாங்கும் பொருளன்று, கேள்வி நியாயமானதே.

முன்னது 1949-இல் சென்னையில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டி, பின்னது 1956-இல் லூதியானாவில் பிறந்த நிறுவனத்தினுடையது. பழைய பாணி வண்டிகளில் இரண்டிற்கும் எஃகுப் பிரேம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பெரிய வேறுபாடில்லை.

ஆகவே பெயரை விட்டு அளவைப் பாருங்கள். பிரேம் 22 அங்குலம், 24 அங்குலம் எனக் கிடைக்கும். பார் கம்பியை இரு கால்களுக்கிடையே வைத்து நின்றால் இரண்டு விரற்கடையேனும் இடைவெளி வேண்டும். இருக்கையில் அமர்ந்து, தாழ்ந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பொருந்தாத வண்டி பாதி வழியிலேயே முழங்காலை நோகச் செய்யும்.

மற்றொன்று: மழையில் எஃகுச் சக்கர விளிம்பு நனைந்தால் பிரேக் எளிதில் பிடிக்காது. ஆதலால் மனைவி மக்களைக் கேரியரிலும் பாரிலும் ஏற்றாமல், சாமராஜநகர் ரயிலில் அனுப்பிவிட்டுத் தாங்கள் மட்டும் சைக்கிளில் செல்லுங்கள். கோயில் வாயிலில் அனைவரும் நலமாகச் சந்திக்கலாம்.