மரத்த காலும் கல் மரமும்

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் நாம் தள்ளாடிக்கொண்டு நின்றோம். "தள்ளாடி" என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறோம். இடது கால் முன்னே போகலாமென்றது. வலது கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. வெற்றிலை பாக்குக் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "பள்ளிக்கூடத்து வாத்தியாரு. காலையிலேயே ஆரம்பிச்சிட்டாரு, பாருங்க!" என்றார்.

நம் வாழ்நாளில் மோருக்கு மேற்பட்ட பானம் எதையும் நாம் அருந்தியறியோம். ஆயினும் அன்று அவருக்கு மறுமொழி சொல்லாமல் அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். உண்மையைச் சொல்வதைக் காட்டிலும், குடிகாரன் என்ற பெயரே அந்தச் சமயம் நமக்குச் சௌகரியமாகத் தோன்றிற்று. இந்த விபரீதமான எண்ணம் நமக்கு எப்படி வந்தது என்பதைத்தான் நேயர்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

நமக்கு வந்திருக்கும் வியாதியின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். 1868-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து சால்பெத்ரியேர் வைத்தியசாலையில் ஷார்க்கோ என்னும் பேராசிரியர் இதைத் தனி வியாதியென்று விவரித்துக் காட்டினார். மின்சாரக் கம்பியின் மேல் உறை இருப்பது போல நம் நரம்பிழைகளின் மேலும் மயலின் என்ற ஓர் உறை உண்டு. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே, வேலி பயிரை மேய்ந்தாற்போல, மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையை அங்கங்கே அரித்துவிடுகிறது. அரித்த இடத்தில் தழும்பு விழுகிறது. மூளை அனுப்பும் உத்தரவு காலுக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறது. சில சமயம் போய்ச் சேருவதே இல்லை.

உலகத்தில் 28 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது. குளிர் தேசங்களில் அதிகம், நம் நாட்டில் குறைவு. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களைவிடப் பெண்களை அதிகமாகப் பிடிக்கிறது.

நமக்கு இது முதலில் கண்ணில் வந்தது. ஐந்து வருஷங்களுக்கு முன், முப்பத்து நாலாம் வயதில், இடது கண்ணில் ஒரு மூட்டம் படிந்தது. திருஷ்டி என்றார் அத்தை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி திங்களும் வெள்ளியும் திறந்திருக்கும். நான்கு வெள்ளிக்கிழமை போனோம். பார்வை தெளிந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இவ்வியாதியின் குணமே அதுதான். வந்த விருந்தாளி போய்விட்டார் என்று கதவைச் சாத்தும்போது, அவர் தம் பெட்டியைத் திண்ணையிலேயே விட்டுப் போயிருப்பது தெரியாது. மறு வருஷம் வலது கால் மரத்துப் போயிற்று. திருச்சியில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் பெயரைச் சொன்னார்.

பெயரைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வந்தது சாத்தனூர் கல் மரம். நம் ஜில்லாவிலுள்ள அந்த ஊருக்கு வருஷந்தோறும் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவது நம் வழக்கம். பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கமெல்லாம் கடலாயிருந்த காலத்து மரம். பதினெட்டு மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. மரத்தின் வடிவம் அப்படியே இருக்க, உள்ளே அணு அணுவாக மரம் போய்க் கல் வந்துவிட்டது. ஸ்கிளிரோசிஸ் என்றால் இறுகிப் போதல் என்று பொருளாம். "நாமும் இப்படித்தான் ஆகப் போகிறோம்" என்று தீர்மானித்துக்கொண்டோம். நம் மனைவியைத் தவிர வேறு ஒருவரிடமும் இதைச் சொல்வதில்லை என்றும் தீர்மானித்தோம்.

ஒளித்து வைக்க இது வெகு வசதியான வியாதி. மார்கழியில் நம்மைப் பார்த்தவர்கள், "உங்களுக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறீர்கள்!" என்பார்கள். உண்மையிலேயே நன்றாக இருப்போம். மாசி பிறந்தால் மாற்றம் தொடங்கும். 1890-இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர், இந்த நோயாளிகள் உடம்பை வருத்தி வேலை செய்தால் அவர்களுடைய பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார். அதற்குக் காரணம் உடம்புச் சூடு என்பது பிற்பாடு தெளிவாயிற்று. சூடு சற்றே ஏறினாலும், உறையிழந்த நரம்பில் செய்தி தடைப்படுகிறது. உடம்பு குளிர்ந்தால் பழைய நிலை திரும்பிவிடும். புதிய சேதம் ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், மேல்நாடுகளில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பரீட்சை செய்வார்களாம். பெரம்பலூரில் தொட்டிக்கு அவசியமில்லை. கத்திரி வெயிலில் கடைத்தெரு வரை நடந்தாலே பரீட்சை முடிந்துவிடும்!

அன்று நாம் அரியலூருக்குப் போனது தமக்கையார் வீட்டுக் கல்யாண விஷயமாக. அவருடைய ஒரே மகளுக்கு வைகாசி முதல் வாரத்தில் முகூர்த்தம். நாம் தாய்மாமன். முகூர்த்தப் பட்டு உடுத்திய பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது நம் குடும்பத்தில் தாய்மாமனின் கடமை. அக்கினி நட்சத்திரம், ஹோமப் புகை, ஆயிரம் பேர் நெருக்கடி, ஆறு படி ஏறிய மேடை. "கைத்தடியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நம் மனைவி வழியெல்லாம் சொன்னாள். தடியூன்றிய தாய்மாமனைச் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? பள்ளியில் அவசர வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதே உசிதம் என்று பட்டது.

அப்படியே சொன்னோம். தமக்கையார் கையிலிருந்த பத்திரிகைக் கட்டைக் கீழே வைத்தார்.

"அப்பா இருந்தா இப்படிச் சொல்லுவியா, தம்பி? போன தடவை மாடிப்படிகிட்ட நின்னுகிட்டு ஏற மாட்டேன்னே. நான் செய்யற சீர் பத்தலைன்னு கோவமோன்னு ராத்திரியெல்லாம் தூங்கலை."

மாடிப்படி நமக்கு ஞாபகமிருந்தது. அன்று கால் தூக்க முடியாமல் நின்றோம். அவரோ நான்கு வருஷங்களாக நம்முடைய ஒவ்வொரு மறுப்பையும் கோபமென்று கணக்கெழுதி வைத்திருக்கிறார்! மென்று விழுங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். வெகு நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "உன் காலுக்கு வந்ததை நான் தாங்கிக்குவேன். என்கிட்ட சொல்லாம இருந்தியே, அதைத்தான் தாங்க முடியலை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே எழுந்து மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டு, மேடையருகே ஒரு நாற்காலியும் பெரிய மின்விசிறியும் வேண்டுமென்றார்.

கல்யாணத்தன்று ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சமயம் வந்ததும் ஒரு கையில் தடியை ஊன்றி, மறு கையால் பெண்ணின் கையைப் பிடித்தோம். நான்காவது படியில் கால் மறுத்தது. பெண் தலை குனிந்தபடியே, "மெதுவா, மாமா. புடவை எனக்கும் தடுக்குது" என்று நின்றுகொண்டாள். யார் யாரை அழைத்து வந்தார்கள் என்பது சபையோருக்குத் தெரிந்திராது. நமக்குத் தெரியும்.

அதற்குப் பின் தலைமையாசிரியரிடமும் விஷயத்தைச் சொன்னோம். நம் வகுப்பு கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தது. கணக்குப் பாடம் காலை வேளைக்கு மாறிற்று. இப்போது நம் பலத்தை முதல் தேதிச் சம்பளம் போல எண்ணிச் செலவழிக்கிறோம். ஒன்பது மணிக்குள் வெளி வேலை. நடுப்பகலில் பானைத் தண்ணீரும் ஈரத் துண்டும். அந்திக்குப் பிறகு பாக்கியிருந்தால் கொஞ்சம் நடை. பாக்கியில்லாத நாட்களும் உண்டு. அன்றைக்குக் கோபம் வரும். அது நம் மனைவி மேல் பாயும். பிறகு மன்னிப்புக் கேட்போம். இதில் நமக்கு இன்னும் தேர்ச்சி போதாது.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் வந்துகொண்டிருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் அதிகப் பலன் என்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் இதையும் சேர்த்திருக்கிறது. 1985-இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இவையெல்லாம் நமக்குப் பயன்பட்டது, வாயைத் திறந்த பிறகுதான்.

இந்த வருஷமும் பிள்ளைகளைச் சாத்தனூருக்கு அழைத்துச் சென்றோம். ஒரு பையன் நம் கைத்தடியைப் பார்த்துவிட்டு, "சார், உங்க காலும் இந்த மரம் மாதிரி ஆயிடுமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் அவனை அதட்டினார்கள். "ஆகாதப்பா. சில நாள் மரத்துப் போகும். சில நாள் நடக்கும். இன்றைக்கு நடக்கிறது" என்றோம். அவன் திருப்தியடைந்து, நம் தண்ணீர்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பேருந்து நிலையத்து வெற்றிலைக் கடைக்காரரிடமும் ஒரு நாள் சொல்லிவிட்டோம். இப்போதெல்லாம் நம்மைக் கண்டதும், கடைக்கு முன்னாலிருக்கும் முக்காலியை நிழலுக்கு நகர்த்திப் போடுகிறார்.