பொய் சொல்லாத வீரன்

பெங்களூரு திகளர்பேட்டையில் தர்மராயருக்கு ஒரு கோயில் இருக்கிறது. நம்மூரில் திரௌபதை அம்மன் கோயிலைத் தர்மராஜா கோயில் என்று சொல்வோமே, அதே உறவு. சித்திரைப் பௌர்ணமி இரவில் கரகம் புறப்படும்போது வீரகுமாரர்கள் உருவிய வாளோடு கூடவே வருவார்கள். விரதம் இருந்து வாள் எடுத்தவர்கள். கரகம் தலையிலிருந்து சரிந்தால் சுமப்பவரை அவர்கள் வெட்டிவிட வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் விழாவில் பார்க்கக் கிடைப்பது வேறு: அந்த வாளை அவர்கள் தங்கள் மார்பில்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கோரமங்கலாவில் ஒரு சாப்பாட்டு மேசை. ஞாயிறு மதியம் ஐந்தாறு பேர் கூடுகிறார்கள். பென்சில், காகிதம், நெல்லிக்காய் அளவில் இருபது முகப் பகடை, ஒரு தட்டு நிப்பட்டு. ஆடுவது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட ஆட்டம். பலகை கட்டாயமில்லை, ஜெயிப்பவர் தோற்பவர் என்பதும் இல்லை. ஒருவர் கதை சொல்லி உலகத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி ‘இப்போது நான் இதைச் செய்கிறேன்’ என்பார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். விதிகள் ஆங்கிலத்தில், சண்டையும் சமாதானமும் கன்னடம், தமிழ், இந்தி கலந்து.

மேசையில் ஒருவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். மென்பொருளைச் சோதித்துச் சரி பார்க்கும் வேலை. திருநெல்வேலிக்காரர். எப்போதும் ஒரே பாத்திரம்தான் எடுப்பார்: பாலடின். கவசம் போட்ட புனித வீரன். மற்றவர்கள் திருடனாக, மந்திரவாதியாக மாறி மாறி ஆட, இவர் மட்டும் நல்லவனை விடுவதில்லை. வாரம் முழுக்க ‘இந்தப் பிழை பரவாயில்லை, அடுத்த வெளியீட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கையெழுத்துப் போடுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது பொய் சொல்லாமல் இருக்கத் தோன்றினால் அதில் ஆச்சரியம் என்ன?

பாலடின் வந்த வழி நீளமானது. பிரெஞ்சுக் காவியங்களில் சார்லமேன் மன்னருக்குப் பன்னிரண்டு வீரர்கள். அவர்களின் சாயலை அமெரிக்க எழுத்தாளர் போல் ஆண்டர்சன் ஒரு நாவலில் கொண்டுவந்தார். அது 1961இல் புத்தகமானது. அதைப் படித்த கைகாக்ஸ் 1975இல் ஆட்டத்தின் துணைநூலில் பாலடினைச் சேர்த்தார். அப்போது இந்தப் பாத்திரம் கிடைப்பதே அபூர்வம். மூன்று பகடை உருட்டி வசீகரத்துக்குப் பதினேழோ பதினெட்டோ விழ வேண்டும். அந்த வாய்ப்பு 54இல் ஒன்று. 1978 விதிநூல் இன்னும் இறுக்கியது. பத்து மந்திரப் பொருள்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தானம். தெரிந்து ஒரே ஒரு தீய காரியம் செய்தால் புனிதம் போயிற்று, திரும்பி வராது. அதன் பிறகு அவன் வெறும் சிப்பாய்.

இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தருமரின் ரதம் தரையைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடியது. அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, ‘யானை’ என்பதை மட்டும் முணுமுணுத்த கணத்தில் அது மண்ணில் இறங்கியது. உலகத்தின் முதல் பாலடின் சறுக்கல் அதுதான் என்று கோரமங்கலா மேசையில் ஒருவர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

வியாசர் தருமரின் ரதத்தை இறக்கினார். விளையாட்டில் சிக்கல் பெரிது. எது பாவம் என்று தீர்ப்புச் சொல்பவர் கதை நடத்துகிறவர். சிலர் வேண்டுமென்றே பொறி வைத்தார்கள்: இப்படிச் செய்தாலும் பாவம், அப்படிச் செய்தாலும் பாவம். இன்னொரு பக்கம், பாலடின் ஆடுகிறவர்களே போலீஸ்காரர் ஆனார்கள். திருடன் பூட்டைத் தொட்டால் பிரசங்கம், கைதியை மிரட்டினால் பிரசங்கம். ஒருவரின் விரதத்துக்கு நான்கு பேர் பட்டினி. ‘எங்கள் மேசையில் பாலடின் வேண்டாம்’ என்ற பேச்சு வந்ததற்குக் காரணம் இதுதான். 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, நல்லவனாக இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. 2014 பதிப்பு வேறு வழி பிடித்தது: பாலடின் ஒரு சபதம் எடுக்கிறான். பக்தி, பழமை, பழிவாங்கல் என மூன்றில் எது என்று ஆடுகிறவரே தேர்ந்துகொள்ளலாம். பழிவாங்கலும் புனிதமா என்று முகம் சுளிப்பவர்கள் பாஞ்சாலியின் விரித்த கூந்தலை நினைத்துக்கொள்ளட்டும்.

விதி மாறியதால் மட்டும் தொல்லை தீரவில்லை. கோரமங்கலாக் குழுவும் ஒரு கட்டத்தில் உடைகிற நிலைக்கு வந்தது. கதையில் ஒரு கோட்டை வாசல்; காவலாளி மறிக்கிறான். ‘கம்பளி வியாபாரிகள்’ என்று சொல்லத் திருடன் தயார். மூன்று மணி நேரத் திட்டம். காவலாளியோ நேராகப் பாலடினைப் பார்த்துக் கேட்கிறான். முந்தைய மாதம் இதே மாதிரி இடத்தில் இவர் உண்மையைச் சொல்ல, மந்திரவாதி செத்துப்போயிருந்தார். அதை ஆடிய பெண் இரண்டு வாரம் வரவேயில்லை. ஒன்றரை வருடம் வளர்த்த பாத்திரம் அது.

“ஒரு தடவை சொல்லுடா மச்சி, விளையாட்டுதானே?” என்றார் திருடன். கெஞ்சல்தான், ஆனால் குரலில் சூடு இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பகடையை உருட்டாமல் கையில் வைத்திருந்தார். பிறகு காவலாளியிடம் பேசினார்: “இவர்கள் யார் என்று நான் சொல்ல மாட்டேன். என்மேல் சந்தேகம் இருந்தால் என்னைக் கட்டு. இவர்களை விடு.” கதை நடத்துகிறவர் பகடை போட்டார். பதினாறு. காவலாளி ஒப்புக்கொண்டான். பாலடின் வாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பாதாளச் சிறைக்குப் போனான்.

மற்றவர்கள் உள்ளே போய்ப் பொக்கிஷ அறையைத் தேடினார்கள். அவருக்கு ஆட எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் நிப்பட்டு தின்றபடி, மற்றவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் எதுவும் இல்லை.

அன்று ஆட்டம் நின்றபோது திருடனுக்கு எதிரே இரண்டு கதவுகள். ஒன்று தங்கம் இருக்கும் அறை, மற்றது சிறைக்கு இறங்கும் படி. அடுத்த ஞாயிறு உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது, படியில் எத்தனை காவலாளிகள் என்றுதான்.