பெயரை விற்காத மனிதர்

ஆண்டுதோறும் நம் பள்ளி மலரில் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை மாணவர்க்கு எடுத்துரைப்பதை நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம். இவ்வாண்டு நாம் எழுத முற்பட்டிருப்பது அக்கியோ மொரிட்டா என்பாரைப் பற்றி. இளமையில் ஜப்பானியக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர் அவர். பின்னர் நண்பருடன் சேர்ந்து சோனி நிறுவனத்தைத் தோற்றுவித்து, அதன் தலைவராக விளங்கி, உடல்நலக் குறைவால் 1994ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். 1999 அக்டோபர் 3ஆம் நாள், தம் 78ஆம் வயதில் மறைந்தார்.

ஜப்பானியப் படை என்றதும் நம் தோட்டத்து முதியோர் முகம் வாடக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. மலாயா அவர்கள் கையிலிருந்த காலத்தில், 1942க்கும் 1943க்கும் இடையே, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை போடப்பட்டது. அதற்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் மீளவில்லை. எம் பாட்டனாரின் தம்பியும் அவர்களுள் ஒருவர். எம் தந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி வாங்கி வந்த அன்று, “நம்ம ஆளைத் தின்ன ஊர்லருந்தா பாட்டுப் பெட்டி வாங்கிட்டு வந்தே?” என்று எம் பாட்டியார் கேட்ட கேள்வி இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. தந்தையார் பதில் கூறவில்லை. பல நாள்கள் சென்றபின், பாட்டியாரே அப்பெட்டியின் அருகில் அமர்ந்து தமிழ்ப் பாட்டுக் கேட்கலானார். ஆயினும் தம் மைத்துனரை அவர் மறந்தாரில்லை. ஒரு நாட்டார் செய்த கொடுமையை மறவாமலே, அந்நாட்டில் பிறந்த ஒருவரிடமிருந்து நல்லதைக் கற்கலாம் என்பதை நாம் அறிந்தது அவரிடமிருந்துதான்.

மொரிட்டா 1921 சனவரி 26ஆம் நாள் நகோயா நகரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக அரிசி மதுவும் சோயாக் குழம்பும் செய்து விற்ற செல்வக் குடும்பம் அது. மூத்த மகனாகிய அவரே பதினைந்தாம் தலைமுறை வாரிசு. சிறுவயதிலேயே தந்தையார் அவரை வணிகக் கூட்டங்களில் தம் அருகே அமர்த்திப் பழக்கினார். பிள்ளையின் மனமோ மின்கருவிகளிலேயே இருந்தது. 1944இல் ஒசாக்காப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்று முடித்துக் கடற்படையில் தொழில்நுட்ப அதிகாரியானார். போர்க்கருவி ஆராய்ச்சிக் குழுவொன்றில் தம்மினும் பதின்மூன்று வயது மூத்தவரான மசாரு இபுக்கா என்ற பொறியாளரை அங்குதான் சந்தித்தார்.

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் நண்பகலில் ஜப்பானியப் பேரரசர் வானொலியில் பேசினார். அதுகாறும் மக்கள் கேட்டறியாத குரல், நாடு தோற்றதை அறிவித்தது. அப்போது பெற்றோர் வீட்டிலிருந்த மொரிட்டா, படைச் சீருடை அணிந்து, நிமிர்ந்து நின்று அவ்வுரையைக் கேட்டார். அவருக்கு வயது 24. நகரங்கள் கரியாகிக் கிடந்தன. கடற்படையும் இல்லாது போயிற்று.

டோக்கியோவில் குண்டடிபட்ட கடைக் கட்டடமொன்றில் இபுக்கா வானொலி பழுதுபார்ப்பதை நாளிதழ் வாயிலாக அறிந்த மொரிட்டா, அவரைத் தேடிச் சென்றார். இருவரும் சேர்ந்து தொழில் தொடங்க விழைந்தனர். ஆனால் மூத்த மகன் குலத்தொழிலை விட்டு நீங்குவது அந்நாட்டில் எளிய செயலன்று. எனவே இபுக்காவும் அவருடைய மாமனாரும் இரயிலேறிச் சென்று தந்தையாரிடம் நேரில் வேண்டினர். தமக்குப்பின் மகனே குடும்பத் தொழிலை நடத்துவான் என எதிர்பார்த்திருந்த அப்பெரியவர், மகன் தன் திறமையை வேறு வழியில் வளர்க்க விரும்பினால் அவ்வாறே செய்யட்டும் என இசைந்தார். பின்னர்ப் பணமும் கொடுத்து உதவினார்.

1946 மே 7ஆம் நாள் 190,000 யென் முதலீட்டிலும் சுமார் இருபது பணியாளருடனும் அவர்களின் நிறுவனம் பிறந்தது. சில காலம் அவர்கள் பணியாற்றிய கொட்டகையின் கூரை ஒழுகியதால், மழை நாள்களில் மேசைமேல் குடை விரித்து வைத்து வேலை செய்தார்களாம். ஒலிப்பதிவு நாடாவுக்கு வேண்டிய இரும்பு ஆக்சைடுத் தூளைச் சமையல் வாணலியில் வறுத்தெடுத்தார்கள். காகித நாடாவின்மீது அதைத் தூரிகையால் பூசினார்கள். அவ்வாறு உருவான ஒலிப்பதிவுக் கருவி நீதிமன்றங்களுக்கும் பின்னர்ப் பள்ளிகளுக்கும் சென்றது.

அக்காலத்தில் ஜப்பானில் செய்த பொருள் என்றாலே மலிவுச் சரக்கு என்று உலகம் நகைத்தது. 1953இல் மொரிட்டா ஜெர்மனியின் டுசல்டார்ப் நகரில் பனிக்கூழ் உண்டபோது, அதன்மேல் ஒரு சிறு காகிதக் குடை செருகப்பட்டிருந்தது. பரிமாறியவர் அன்புடன், அது உங்கள் நாட்டுப் பொருள் என்றாராம். நம் நாட்டின் பெயர் இந்தக் காகிதக் குடையளவில்தானா நிற்கிறது என அவர் மனம் நொந்தார். சோனியாரும் தொடக்கத்தில் தம் பொருள்களில் நாட்டின் பெயரைச் சட்டம் இடந்தரும் மட்டும் சிறிய எழுத்தில்தான் பொறித்தார்கள். அப்பயணத்திலேயே நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்குச் சென்ற மொரிட்டா, உழவுத்தொழில் மிகுந்த ஒரு சிறு நாட்டில் பிலிப்ஸ் நிறுவனம் உலகப் புகழ் பெற்று விளங்குவதைக் கண்டார். சிறிய இடத்தில் பிறந்தவரால் இது முடியுமெனில் நம்மாலும் முடியும் என்ற துணிவு அங்கே அவர்க்குப் பிறந்தது.

1955இல் அத்துணிவுக்கு ஒரு சோதனை வந்தது. சிறிய டிரான்சிஸ்டர் வானொலியுடன் மொரிட்டா அமெரிக்கா சென்றார். புலோவா என்ற புகழ்பெற்ற கடிகார நிறுவனம் 100,000 பெட்டிகள் வாங்க முன்வந்தது. அதன் மதிப்போ மொரிட்டாவின் நிறுவன முதலீட்டைப் போல் பன்மடங்கு. நிபந்தனை ஒன்றே: பெட்டியில் சோனி என்ற பெயர் இருத்தலாகாது, புலோவாவின் பெயரே இருத்தல் வேண்டும். பெயரை மறந்து ஒப்புக்கொள்ளுமாறு தாய்நாட்டிலிருந்து தந்தியும் வந்தது. மொரிட்டா மறுத்தார். ஐம்பது ஆண்டுகளில் நாங்கள் ஈட்டிய பெயரை ஏன் பயன்படுத்தலாகாது என அவர்கள் வினவ, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் பெயரையும் எவரும் அறிந்திருக்கமாட்டார் என்றும், தாம் தம் ஐம்பது ஆண்டில் முதல் அடியை எடுத்து வைப்பதாகவும் அவர் விடையளித்தார். 1958இல் நிறுவனம் முழுமைக்குமே அப்பெயர் சூட்டப்பட்டது. 1979இல் வெளிவந்த வாக்மேன் அதனை உலகின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சென்றது.

மொரிட்டாவின் செயல்களுள் இதுவே தலைசிறந்தது என்பது நம் கருத்து. பெற்ற புகழை விடாமல் காப்பது எளிது. எவரும் மதியாத பெயரை, மதிப்பு வருமுன்பே விடாமல் பற்றி நிற்பதே அரிது.

இதனை நாம் இங்கு எழுதக் காரணம் உண்டு. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளி செல்லவிருந்த மாணவி ஒருத்தி, பாரத்தை நிரப்பும்போது எழுதுகோலை நிறுத்தி, “ஐயா, முகவரியில் தோட்டத்தின் பெயரை எழுதத்தான் வேண்டுமா?” என்று கேட்டாள். அவ்வினா அவளுடையது மட்டுமன்று. தோட்டத்துப் பிள்ளை என்ற சொல்லை ஏளனமாகக் கேட்டுக் கேட்டு, நம் பிள்ளைகள் பலர் பிறந்த இடத்தைச் சிறிய எழுத்தில் எழுதப் பழகிவிட்டனர். நாம் அவளிடம் காகிதக் குடையின் கதையைக் கூறினோம். அவள் சிரித்தாள், பிறகு தோட்டத்தின் பெயரைத் தெளிவாக எழுதினாள்.

ஆயினும் மாணவர்கள் ஒன்றை உணர்தல் வேண்டும். மொரிட்டா தம் பெயரை உரக்கக் கூவி உயர்த்தவில்லை. பெட்டி பழுதின்றிப் பாடியதால்தான் பெயர் உயர்ந்தது. 1966இல் அவர் எழுதிய நூலொன்றில், பணிக்கு வந்தவரை அவர் பயின்ற பல்கலைக்கழகத்தின் பெயரால் எடைபோடலாகாது, செய்யும் வேலையால் மதிக்க வேண்டும் என வலியுறுத்தினார். இதைக் காட்டிப் படிப்பு வேண்டாமென எவரேனும் நம்மிடம் வந்தால், பௌதிகப் பாடநூலை முதலில் கையில் கொடுப்போம்!

பெற்றோர்களே, பதினான்கு தலைமுறைத் தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு, மூத்த மகனை அவன் வழியில் விட்ட அந்தத் தந்தையையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளை விரும்பும் படிப்பு நமக்குப் புதிதாக இருக்கலாம். அதனால் அது தவறாகிவிடாது. ஒப்புதல் தரும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள்; நாமும் உங்கள் இல்லம் தேடி வந்து பேசச் சித்தமாயிருக்கிறோம்.

அன்பு மாணவர்களே, இம்மலரில் உங்கள் கதைகளும் கட்டுரைகளும் இடம்பெற்றுள்ளன. ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொண்டுள்ளோம். அப்பக்கத்தை இன்று மாலை வீட்டில் அனைவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.